உலகமயமாக்கலில் அரசின் கை நீண்டதா, குறுகியதா?

தேக்காவாசி:
2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த வாரம் இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் கடையில் கொக்கிகள் வெறுமையாகத் தொங்கின. கடைக்காரர் வெட்டுப்பலகையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கோலாலம்பூரில் எடுத்த முடிவு நம் குழம்புச் சட்டியில் தெரிந்தது. உணவில் பத்தில் ஒன்பது பங்கை வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் அரசு எதைக் கட்டுப்படுத்துகிறது?

ஜூரோங் தம்பி:
அண்ணன் அந்த வாரத்தோடு நிறுத்திவிட்டார். பிரேசிலின் உறைந்த கோழி வந்துகொண்டுதான் இருந்தது. ஜூன் முடிவதற்குள் இந்தோனேசியக் கோழிக்கும் அனுமதி கிடைத்தது. இவை தானாக நடந்தவையா? 1968-இல் பிரிட்டன் தன் படைகளை இங்கிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தபோது இந்த ஊர் முடிந்தது என்றார்கள். ஆனால் முதலீடுகளை ஈர்க்கும் அரசு அமைப்பான பொருளியல் வளர்ச்சிக் கழகம் உலக நிறுவனங்களைத் தேடிப்போய் அழைத்து வந்தது. வந்தவர்களுக்கு நிலம் கொடுத்ததும் அரசுதான், அவர்களிடம் வேலை பார்த்தவர்களுக்கு வீடு கட்டியதும் அரசுதான். உலகச் சந்தை இல்லாவிட்டால் நம் அரசுக்கு இவ்வளவு வலிமை வந்திருக்காது.

ஈசூன் அக்கா:
தம்பி, அழைத்து வந்த கதையில் வரிச்சலுகையை விட்டுவிட்டீர்கள். அந்தக் கருவியில்தான் இப்போது கை வைத்திருக்கிறார்கள். ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவை எட்டும் பன்னாட்டுக் குழுமங்கள் குறைந்தது 15% வரி கட்ட வேண்டும் என்று நாடுகள் கூடிப் பேசி முடிவு செய்தன. 2025 ஜனவரி 1 முதல் நாமும் அந்த 15 விழுக்காட்டுக்குக் குறையும் பகுதியைக் கூடுதல் வரியாக வசூலிக்கிறோம். நாம் வசூலிக்காமல் விட்டால், அந்தக் குழுமம் இயங்கும் வேறொரு நாடு அந்தப் பணத்தை வரியாக எடுத்துக்கொள்ளும். சட்டம் இயற்றியது நம் நாடாளுமன்றம்தான், ஆனால் வேறு வழி இருந்ததா?

ஜூரோங் தம்பி:
வரியாக வருவது நம் கருவூலத்துக்குத்தானே அக்கா? சலுகைக்குப் பதிலாக முதலீட்டுக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் திட்டத்தையும் 2024 வரவுசெலவுத் திட்டத்திலேயே அறிவித்துவிட்டார்கள். ஒரு கதவு அடைத்தால் இன்னொன்றைத் திறக்கத் தெரிந்த அரசைப் பலவீனமானது என்று எப்படிச் சொல்வது?

ஈசூன் அக்கா:
அந்தக் கதவைத் திறப்பது பொதுப்பணம். அதே 2024-இல் பொருள், சேவை வரி 9% ஆனது. அம்மாவுக்கு மருந்து வாங்கினாலும் அதைக் கட்டுகிறேன். பெரிய நிறுவனத்திடம் பேரம் பேசும் அரசு என்னிடம் பேரம் பேசுவதில்லை. என் வருத்தம் அதுதான்.

தேக்காவாசி:
தம்பி சொன்ன இந்தோனேசியக் கோழி வந்தது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வெட்டிக் குளிரூட்டி வந்தது. என் கடைக்காரர் விற்றது அன்று காலை வெட்டிய கோழி. கடை மூடிக்கிடந்த நாட்களின் வருமானம் அவருக்குத் திரும்பி வரவில்லை.