எல்டிஎஸ்பி: பழைய யூசர் லாகின் ஆகுது, புதுசா சேர்த்தவங்களுக்கு மட்டும் ஆகல, உதவி பண்ணுங்க

லேப்_நிர்வாகி:
வணக்கம். டெபியன் 12 சர்வர், அதுல புது எல்டிஎஸ்பி (டிஸ்க் இல்லாத மெஷின்கள சர்வர்ல இருந்து பூட் பண்ண வைக்கற சாஃப்ட்வேர்) போட்டிருக்கு, க்ளையண்ட் மெஷின் எதுலயும் டிஸ்க் கிடையாது, எல்லாமே நெட்வொர்க் பூட். இந்த செட்டப் எனக்கு முன்னாடி இருந்தவர் பண்ணது. இத்தனை நாள் ஒரு தொந்தரவும் இல்ல. இப்ப ஒரு புது பேட்ச் வந்தாங்க, அவங்களுக்குத் தனியா ஒரு குரூப் போட்டு ஆட்யூசர் கமாண்ட் வச்சு அக்கவுண்ட் உருவாக்கினேன். சர்வர் முன்னாடி உக்காந்து லாகின் பண்ணா சரியா உள்ள போகுது, ஹோம் ஃபோல்டரும் இருக்கு, ஆனா க்ளையண்ட்ல அதே பாஸ்வேர்ட அடிச்சா தப்புன்னு சொல்லி திரும்ப லாகின் ஸ்க்ரீனுக்கே வந்துடுது. பழைய யூசருங்க பக்கத்து மெஷின்லயே நிம்மதியா வேலை பண்ணிட்டிருக்காங்க. பாஸ்வேர்ட மாத்தியும் பாத்தாச்சு. பசங்க சும்மா உக்காந்திருக்காங்க, யாராவது சீக்கிரம் சொல்லுங்களேன்.

பழைய_முனையம்:
ஆப்ட் ஃபோல்டர் கீழ எல்டிஎஸ்பி க்ரூட் இருக்கும், அதுக்குள்ள போய் பாத்துட்டு, அப்டேட் இமேஜ் கமாண்ட ஒரு தடவை ஓட்டுங்க. எல்டிஎஸ் கான்ஃப் ஃபைலயும் பாருங்க.

வேர்_பயனர்:
பழைய_முனையம் அண்ணா, நீங்க சொல்றது எல்டிஎஸ்பி 5. 2019-ல மொத்தமா புதுசா எழுதிட்டாங்க, அதுல எல்டிஎம் லாகினும் இல்ல, எல்டிஎஸ் கான்ஃபும் இல்ல. இப்ப கான்ஃபிக் இடிசி எல்டிஎஸ்பி ஃபோல்டர்ல எல்டிஎஸ்பி டாட் கான்ஃப்னு இருக்கும். தேடினா பாதிக்கு மேல பழைய குறிப்புதான் கண்ணுல படுது, அதை நம்பி புது சர்வர்ல கை வச்சா குழப்பம்தான் மிஞ்சும்.

லேப்_நிர்வாகி, ஒண்ணு பண்ணுங்க. ஒரு பழைய யூசரா க்ளையண்ட்ல லாகின் பண்ணி, டெர்மினல் திறந்து, கெட்எண்ட் பாஸ்வ்ட்னு அடிச்சு பக்கத்துல புது யூசர் பேர போடுங்க. என்ன வருது?

லேப்_நிர்வாகி:
ஒண்ணுமே வரல, வெறும் ப்ராம்ப்ட். பழைய யூசர் பேர போட்டா ஒரு வரி வருது.

வேர்_பயனர்:
அப்ப அந்த க்ளையண்டுக்கு இப்படி ஒரு ஆள் இருக்கறதே தெரியாது. பாஸ்வேர்ட்ல தப்பில்ல. யூசர் பட்டியல் க்ளையண்டுக்கு எப்படிப் போகுதுன்னா, எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி கமாண்ட ஓட்டும்போது சர்வர்ல அந்த நேரத்துல இருக்கற யூசர், குரூப் விவரம், எல்டிஎஸ்பி கான்ஃப், சர்வரோட எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியா இன்னொரு மெஷின்ல பாதுகாப்பா லாகின் பண்ற முறை) பப்ளிக் கீ எல்லாத்தையும் சேர்த்து எல்டிஎஸ்பி டாட் இமேஜ்னு ஒரு சின்ன ஃபைலா டிஎஃப்டிபி (நெட்வொர்க்ல பூட் ஃபைல அனுப்பற எளிய முறை) ஃபோல்டர்ல வைக்கும், க்ளையண்ட் பூட் ஆகறப்ப அதை எடுத்துக்கும். நீங்க ஆள் சேர்த்தது அதுக்கப்புறம். அதனால சர்வர்ல ரூட்டா எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி ஓட்டிட்டு க்ளையண்ட ரீபூட் பண்ணுங்க, ரீபூட் முக்கியம். மொத்த சிஸ்டமும் இருக்கற பெரிய ஸ்குவாஷ்எஃப்எஸ் இமேஜ திரும்ப உருவாக்க வேண்டாம், அது சாஃப்ட்வேர் போட்டாலோ கர்னல் அப்டேட் பண்ணாலோதான், இதுக்குப் போய் அவ்வளவு நேரம் காத்திருக்கத் தேவையில்ல.

லேப்_நிர்வாகி:
ஓட்டினேன், ரீபூட்டும் பண்ணேன். இப்ப கெட்எண்ட்ல பேர் வருது, ஆனா லாகின் மட்டும் இன்னும் ஆகல, அதே தப்பு.

துறைமுகம்22:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். அவசரம்னா எல்டிஎஸ்பி கான்ஃப்ல பாஸ்வேர்ட்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுல யூசரும் பாஸ்வேர்டும் போட்டா நேரா உள்ள போயிடலாம்.

வேர்_பயனர்:
தயவுசெஞ்சு நிஜ அக்கவுண்டுக்கு அதைப் பண்ணாதீங்க. அதுல பாஸ்வேர்ட் பேஸ்64-ல இருக்கும், அது என்க்ரிப்ஷனே இல்ல, யாரு வேணா திருப்பிப் படிக்கலாம். அந்தக் கான்ஃப் டிஎஃப்டிபி வழியாப் போகுது, டிஎஃப்டிபி யார் கேக்கறாங்கன்னு பாக்காம ஃபைல குடுத்துடும். விருந்தினர் அக்கவுண்ட்னா பரவால்ல, பசங்களோட சொந்த ஃபைல் இருக்கற அக்கவுண்ட இப்படித் திறந்து வைக்கறது நியாயமே இல்ல.

இப்ப அடுத்த கட்டம். க்ளையண்டுக்குப் பாஸ்வேர்ட் ஹாஷ் (பாஸ்வேர்ட சரிபாக்க சர்வர் வச்சிருக்கற மாத்தின வடிவம்) எதுவும் போகாது, லாகின் ஸ்க்ரீன்ல அடிக்கற பாஸ்வேர்ட வச்சு எல்டிஎஸ்பியோட லாகின் சரிபாக்கற பகுதியான பாம்எல்டிஎஸ்பி சர்வருக்கு எஸ்எஸ்எச் பண்ணிப் பாக்கும், சர்வர் உள்ள விட்டா லாகின், விடலன்னா தப்புன்னு சொல்லிடும். ஹோம் ஃபோல்டரும் வேற எதுவும் மாத்தலன்னா எஸ்எஸ்எச்எஃப்எஸ்லதான், அதாவது எஸ்எஸ்எச் வழியாத்தான், மவுண்ட் ஆகும். நீங்க சர்வர் முன்னாடி உக்காந்து லாகின் பண்ணது எஸ்எஸ்எச் வழியா இல்ல, அதான் அங்க ஆச்சு. சர்வர்லயே எஸ்எஸ்எச்ல புது யூசர் பேர், அட், லோக்கல்ஹோஸ்ட்னு போட்டுப் பாருங்க, கையோட ஜர்னல்சிடிஎல்ல எஸ்எஸ்எச் சர்வீஸ் லாகயும் பாருங்க.

லேப்_நிர்வாகி:
லோக்கல்ஹோஸ்ட்லயும் பர்மிஷன் டினைடு. லாக்ல அந்த யூசரோட எந்த குரூப்பும் அலவ்குரூப்ஸ்ல (எஸ்எஸ்எச் உள்ள விடற குரூப் பட்டியல்) இல்ல, அதனால அனுமதி இல்லன்னு தெளிவா ஒரு வரி இருக்கு. சர்வர்ல எஸ்எஸ்எச்சுக்கான எஸ்எஸ்எச்டி கான்ஃபிக்ல போய்ப் பாத்தா ஒரே ஒரு குரூப் பேர்தான் போட்டிருக்கு, பழைய யூசர் எல்லாரும் அதுல இருக்காங்க!

வேர்_பயனர்:
அதேதான். ரெண்டு வழி இருக்கு. அலவ்குரூப்ஸ் வரியில புது குரூப்பயும் ஸ்பேஸ் விட்டு சேர்க்கலாம், இல்ல புது யூசர பழைய குரூப்ல சேர்க்கலாம். உங்க குரூப் தனியா இருக்கறது நல்லதுதான், அதனால முதல் வழியே போதும். இப்ப திறந்திருக்கற எஸ்எஸ்எச் செஷன மூடாதீங்க, எஸ்எஸ்எச்டி கமாண்ட மைனஸ் சின்ன டி (டெஸ்ட்ல வர்ற டி) போட்டு ஓட்டி கான்ஃபிக்ல பிழை இல்லன்னு பாத்துட்டு அப்புறம் ரீலோட் பண்ணுங்க.

லேப்_நிர்வாகி:
சேர்த்துட்டேன், உள்ள போயிடுச்சு!! ரொம்ப ரொம்ப நன்றி. இதுக்கு க்ளையண்ட ரீபூட் பண்ணவே இல்ல, அது சரிதானா? அடுத்த பேட்சுக்கும் நான் ஒவ்வொரு தடவையும் இனிட்ஆர்டிய ஞாபகம் வச்சு ஓட்டணுமா?

வேர்_பயனர்:
சரிதான், அலவ்குரூப்ஸ சர்வர்தான் பாக்குது, க்ளையண்டுக்கு அதுல வேலையில்ல. ஆனா ஒருத்தர வேற குரூப்ல சேர்த்தீங்கன்னா சர்வர்ல உடனே தெரியும், க்ளையண்ட் பக்கம் பழைய குரூப் பட்டியலே இருக்கும், அதுக்கு இனிட்ஆர்டியும் ரீபூட்டும் வேணும். குரூப்ல சேர்க்கும்போது யூசர்மாட்ல பெரிய ஜி மட்டும் போடாம கூடவே சின்ன ஏ-வும் போடுங்க, இல்லன்னா மத்த எல்லா கூடுதல் குரூப்ல இருந்தும் ஆள தூக்கிடும்.

துறைமுகம்22:
ஞாபகம் வைக்கத் தேவையில்ல. டெபியன்ல ஆட்யூசர் வேலைய முடிச்சதும் யூஎஸ்ஆர் லோக்கல் எஸ்பின்ல ஆட்யூசர் டாட் லோக்கல்னு ஒரு ஸ்க்ரிப்ட் இருந்தா அதை ஓட்டும். அதுக்குள்ள எல்டிஎஸ்பி இனிட்ஆர்டிய போட்டு எக்ஸிக்யூட் பர்மிஷன் குடுத்துடுங்க. யூசர்ஆட் வச்சு சேர்த்தா மட்டும் அது ஓடாது, அப்ப கையாலதான் ஓட்டணும்.