மத்திய வேளாண் அமைச்சகத்தை எங்கே சந்தித்தீர்கள்?

காவிரிப் படுகை விவசாயி:

குறுவை அறுவடை மழையில் சிக்கிய ஓர் ஆண்டில், நெல்லின் ஈரப்பதத்தைப் பார்வையிட மத்தியக் குழு எங்கள் பகுதிக்கு வந்தது. 17 விழுக்காடு என்ற வரம்பை 22 வரை தளர்த்த வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த குவியலின் அடியில், முளைவிடத் தொடங்கியிருந்த நெல்லில் ஒரு கைப்பிடி அள்ளி நீட்டினேன். வந்த அதிகாரி அதைப் பையில் இட்டு, வாயைக் கட்டி, சீட்டில் எண் எழுதிக்கொண்டார். கையோடு உரத் தட்டுப்பாட்டையும், வராத பயிர்க் காப்பீட்டுத் தொகையையும் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டவர், தாம் உணவு அமைச்சகத்திலிருந்து வந்திருப்பதாகவும், உரம் இன்னோர் அமைச்சகத்தின் பொறுப்பு என்றும், காப்பீடு மட்டுமே வேளாண் அமைச்சகத்தைச் சேர்ந்தது என்றும் கூறினார். வேளாண் அமைச்சகத்திடம் முறையிடுவதாக நினைத்தே அதுவரை பேசிக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்:

ஐயா, உங்கள் குழப்பம் எங்களுக்கும் இருந்ததுதான். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலையைக்கூட வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் பரிந்துரைக்க, பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழுதான் முடிவு செய்கிறது. என் பணிக்காலத்தில் அந்த அமைச்சகத்தை நான் சந்தித்தது அதன் வழிகாட்டு நெறிமுறைகளில்தான். 2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்த பிறகு, சம்பா அறுவடையின்போது, சமவாய்ப்பு எண்ணில் விழுந்த வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவோம். பக்கத்து வயல்காரர் தம் பயிர்தான் சாய்ந்து கிடக்கிறது, அதை அளங்கள் என்று கையைப் பிடித்து இழுப்பார். வயலை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. அத்தகைய சில வயல்களின் சராசரிதான் ஊர் முழுவதற்குமான இழப்பீட்டைத் தீர்மானிக்கும். அந்த விதியை நான் ஒருபோதும் மனமார ஏற்றதில்லை. சம்பாவுக்கு விவசாயி கட்டும் பங்கு, காப்பீடு செய்த தொகையில் 1.5 விழுக்காடு; பிரீமியத்தின் மீதியை மத்திய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. பாசனப் பகுதிகளில் 25 விழுக்காடு வரையிலான பிரீமிய விகிதத்துக்கே மத்திய மானியம் என்று 2020இல் முடிவெடுக்கப்பட்டபோது, அதற்கு மேற்பட்ட சுமை மாநிலத்தின் தலையில் விழுந்தது. கட்டளையிட இயலாத ஓர் அமைச்சகம், பணத்தின் அளவை மாற்றியே மாநிலங்களைத் திருப்ப முடியும் என்பதை அன்று கண்டேன்.

ஆராய்ச்சி மாணவி:

பயிற்சிக்காகத் தில்லியின் பூசா வேளாண் ஆராய்ச்சி வளாகத்தில் தங்கியிருந்தபோது, மூத்த விஞ்ஞானி ஒருவர் சி. சுப்பிரமணியம் அமைச்சராக இருந்த காலத்தைப் பற்றிப் பேசினார். 1964இல் அவர் பொறுப்பேற்றபோது உணவும் வேளாண்மையும் ஒரே அமைச்சகமாக இருந்தன. அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும், உழவருக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டுமென்று அவர் வாதாடினார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்தது. ஆனால் அந்த விஞ்ஞானி பெரிதாகச் சொன்னது வேறொன்று: 1965இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பு, நிர்வாக அதிகாரிக்கு அல்லாமல், பி. பி. பால் என்ற விஞ்ஞானிக்கு வழங்கப்பட்டது.

காவிரிப் படுகை விவசாயி:

இருவருக்கும் நன்றி. ஒரே மனுவாக எழுதி வைத்திருந்ததை இன்று மூன்றாகப் பிரித்து, மூன்று முகவரிகள் எழுதியிருக்கிறேன்.