சொந்தமாக ஆம்ப்ளிபயர் கட்டியவர்கள்: மறக்க முடியாத ஓர் அனுபவம்

சத்துவாச்சாரியிலிருந்து:

மூன்று ஆண்டுகள் ஆகியும் அந்த மாலை என் மனத்தை விட்டு நீங்கவில்லை என்பதால் எழுதுகிறேன். 5200, 1943 என்ற பவர் டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட 100 வாட் போர்டு ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்து, 24-0-24 டிரான்ஸ்பார்மரும் 10,000 மைக்ரோபாரட் கண்டென்சர் இரண்டும் சேர்த்து ஓர் ஆம்ப்ளிபயர் கட்டியிருந்தேன். ஆரணிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோயிலில் அக்கினி வசந்த விழா வந்தது. மைக் செட்டுக்காரரின் கூம்புக் குழாய்கள் ஊரை நோக்கிக் கட்டப்பட்டிருந்தன. தபசு மரத்தடியில் கூடுபவர்களுக்காக என் ஆம்ப்ளிபயரையும் 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டியையும் நானாகவே முன்வந்து கொடுத்தேன்.

அர்ச்சுனன் தபசு அன்று பகல் முழுவதும் அது தகரப் பந்தலின் கீழ் ஓடியது. மாலையில் அர்ச்சுனன் வேடம் கட்டியவர் பனைமரத்தில் பாதிக்கு மேல் ஏறிப் பாடிக்கொண்டிருந்தார். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரச் சேலையுடன் மரத்தைச் சுற்றி இருந்தார்கள். அப்போது ஸ்பீக்கரிலிருந்து ‘டப்’ என்று ஒரே ஓர் ஓசை வந்தது. கூம்புத் தாள் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து அப்படியே நின்றுவிட்டது; அதிரவும் இல்லை, உள்ளே திரும்பவும் இல்லை. வார்னிஷ் கருகும் வாடை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் ஓடிப் போய் பிளக்கைப் பிடுங்குவதற்குள் ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் கருகிவிட்டது. கூட்டம் மொத்தமும் பெட்டியைத் திரும்பிப் பார்க்க, மரத்தின் மேலிருந்தவர் ஒரு கணம் பாட்டை நிறுத்திக் கீழே என்னைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, அடித்தொண்டையிலிருந்து, விட்ட அடியிலிருந்தே பாடத் தொடங்கினார். அந்தப் பார்வைதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

காரணம் பிறகு தெரிந்தது. பயாஸ் டிரான்சிஸ்டர், அதாவது பாட்டு இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு ஓய்வு மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பி.டி. 139, சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்க்கில் பொருத்தப்படாமல் போர்டின் மேலேயே நின்றிருந்தது. டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர்; அதில் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் குறையும். பவர் டிரான்சிஸ்டர் சுடுவதைப் பயாஸ் டிரான்சிஸ்டரும் சேர்ந்து உணர்ந்தால்தான் ஓய்வு மின்னோட்டத்தை அது கட்டுக்குள் வைக்கும். என் போர்டில் அது உணர வழியே இல்லை. மின்னோட்டம் ஏற ஏறச் சூடு ஏறியது, சூடு ஏற ஏற மின்னோட்டம் ஏறியது. முடிவில் 5200 கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஷார்ட் ஆனது. மைனஸ் பக்கத்துப் பியூஸ் போயிருந்தது, பிளஸ் பக்கத்துப் பியூஸ் போகவில்லை. ஸ்பீக்கர் சுருள் 6 ஓமுக்குச் சற்று மேல். டிரான்ஸ்பார்மரின் 24 வோல்ட், டி.சி.யாக (நேர்மின்சாரமாக) மாறும்போது 33 வோல்ட் ஆகும்; அது சுருளின் மேல் நின்றால் ஏறக்குறைய 5 ஆம்பியர் ஓடும். பியூஸும் 5 ஆம்பியர்தான், அதனால் போகவில்லை.

குடியாத்தத்திலிருந்து:

என் அனுபவம் சிறியது. பள்ளி முடித்த ஆண்டில் எல்.ஏ. 4440 ஐ.சி. போட்டு 12 வோல்ட்டில் ஒரு செட் கட்டினேன். பாட்டைவிட இரைச்சல் பெரிதாக இருந்தது. இரண்டு வாரம் கண்டென்சர்களை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் வால்யூம் கண்ட்ரோலின் உலோக உடம்பைத் தற்செயலாகத் தொட்டேன். இரைச்சல் சட்டென்று அடங்கியது. விரலை எடுத்தேன், திரும்ப வந்தது. அந்த உடம்பிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சிறு கம்பியைப் பற்றவைத்ததும் வீடு நிசப்தமாயிற்று, அம்மா அடுக்களையிலிருந்து வந்து, “கரண்டு போயிடுச்சா?” என்று கேட்டார்கள்.

இராணிப்பேட்டையிலிருந்து:

சத்துவாச்சாரி நண்பர் பயாஸின் மேல் பழியைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அசலான 5200 என்றால் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் தாங்கக் கூடியது; வெறும் 33 வோல்ட்டில் ஒரு பகல் ஓடியதற்கு அது சாகாது. அவர் வாங்கியது போலியாகத்தான் இருந்திருக்க வேண்டும். நானும் அப்படி நான்கு போலிகளை எரித்திருக்கிறேன். உடைத்துப் பார்த்தபோது உள்ளிருந்த சிலிக்கன் சில்லு அரிசிக் குருணை அளவுக்குத்தான் இருந்தது. என் கதை அவ்வளவே.

ஆனால் இங்கே வாசிக்கும் இளைஞர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். புதிதாகக் கட்டிய எதையும் நேரடியாக மெயினில் செருகாதீர்கள். 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்துச் செருகுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் கண்டென்சர் நிரம்பியது என்று பொருள். மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. அடுத்து, ஸ்பீக்கரை இணைக்கும் முன் அவுட்புட்டில் மீட்டரை வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் டி.சி. காட்டினால் ஸ்பீக்கரைத் தொடவே கூடாது. 5200-இன் முதுகு உலோகம் கலெக்டர்தான் என்பதால் அதற்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே, மின்சாரம் கடத்தாத மைக்காத் தாள் கட்டாயம் வேண்டும். ஹீட் சிங்க்கில் துளையிட்ட பிறகு பிசிறை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால், திருகை முறுக்கும்போது அது மைக்காவைக் குத்திவிடும். மின்சாரத்தை நிறுத்தியதும் கையை உள்ளே விடாதீர்கள்; கண்டென்சரில் மின்சாரம் தேங்கியிருக்கும். 10,000 மைக்ரோபாரட் கண்டென்சரை ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்வதும் தவறு, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்துச் சில நொடிகள் காத்திருங்கள். இன்னொன்று: 24-0-24 டிரான்ஸ்பார்மரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 50 வாட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான், போர்டின் மேல் 100 என்று அச்சடித்திருப்பதால் 100 வந்துவிடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவுட்புட்டில் டி.சி. வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் ரிலே போர்டு ஒன்றை வைத்திருந்தால் நண்பரின் ஸ்பீக்கர் இன்றும் பாடிக்கொண்டிருக்கும்.

சத்துவாச்சாரியிலிருந்து:

ரிலே இல்லாதது என் குற்றம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிரான்சிஸ்டர் போலி அன்று. அதே கடையில் அதே நாளில் வாங்கிய இன்னொரு ஜோடியை அதே போர்டில் போட்டேன். பி.டி. 139-ஐ மட்டும் நீளமான ஒயர் வைத்துக் கொண்டுபோய், இரண்டு பவர் டிரான்சிஸ்டர்களுக்கும் நடுவே ஹீட் சிங்க்கில் திருகினேன். 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 11 மில்லிவோல்ட், அதாவது 50 மில்லியாம்பியர் ஓய்வு மின்னோட்டம், இருக்கும்படி பயாஸ் வைத்தேன். கத்திரி வெயிலில், மூடிய பெட்டியில், மூன்று மணி நேரம் ஓட்டி அளந்தபோது 12 மில்லிவோல்ட் காட்டியது. அந்த ஜோடி இன்றும் என் வீட்டில் ஓடுகிறது. வேலூர் வெயிலில் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், ஐயா. விழாவுக்கு முந்தைய இரவில், மூடியைத் திறந்து வைத்து, மின்விசிறிக் காற்றில் நான் பயாஸ் வைத்ததும் தவறுதான்.

காட்பாடியிலிருந்து:

நான் ஆம்ப்ளிபயர் கட்டியவள் இல்லை, கட்டியவரின் மகள். அப்பா காலமான பிறகு, பரணில் இருந்த அவருடைய செட்டைக் கீழே இறக்கினேன். யூடியூபைப் பார்த்துப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டிருந்ததால் துணிந்து மூடியைக் கழற்றினேன். இரண்டு 3055 டிரான்சிஸ்டர்கள், கையால் வரைந்து அமிலத்தில் அரித்தெடுத்த போர்டு, தலை உப்பிப் போன கண்டென்சர்கள். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “பகல் 44, இரவு 11 மணி 49”. நள்ளிரவை நெருங்கும்போது எங்கள் தெருவில் வோல்ட்டேஜ் ஏறும் என்பதால் இரண்டு வேளையும் அளந்திருக்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

மேலே எழுதியிருப்பதை வாசித்த பிறகு இன்று மறுபடியும் திறந்து பார்த்தேன். பயாஸ் கொடுப்பதற்காகப் போர்டில் இருக்க வேண்டிய இரண்டு சிறு டையோடுகளை ஒயர் வைத்து ஹீட் சிங்க்குக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவற்றை அழுத்திப் பிடிப்பது ஒரு சிறிய தகட்டுப் பட்டை. அதன் ஓரத்தில் பற்பசைக் குழாயின் பச்சை எழுத்து பாதி தெரிகிறது. பழைய அலுமினியக் குழாயை வெட்டித் தேய்த்துச் செய்திருக்கிறார். பயாஸைத் திருகிச் சரிசெய்யும் பிரீசெட்டின் மேல் சிவப்பாக ஒரு துளி இறுகிக் கிடக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். தன்னுடைய நகப்பூச்சு அது, கேட்காமல் எடுத்துப் போய்விட்டார் என்று அன்று சண்டை போட்டதாகச் சொன்னார்கள்.

கண்டென்சர்களை மாற்றிய பிறகு பயாஸை மறுபடியும் வைக்க வேண்டும் என்றால் அந்தத் துளியைச் சுரண்ட வேண்டியிருக்கும். சுரண்டித்தான் ஆக வேண்டுமா?

இராணிப்பேட்டையிலிருந்து:

வேண்டாம், அம்மா. கண்டென்சரை மாற்றிவிட்டு, சீரிஸ் பல்பில் போட்டுப் பாருங்கள். பல்பு மங்கினால் நேரடியாக மெயினில் கொடுத்து, எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மட்டும் அளந்து இங்கே எழுதுங்கள். அளவு ஓடி ஏறாமல் நின்றால் பிரீசெட்டைத் தொடவே தேவையில்லை.