தக்கலையிலிருந்து மதுரைக்கு மின்சாரக் காரில்: பொது சார்ஜரை முதன்முறை பயன்படுத்துவது குறித்து

தக்கலைப் பயணி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு 24 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட டியாகோ இவி வாங்கினோம். இதுவரை வீட்டுத் திண்ணையை ஒட்டியுள்ள 15 ஆம்ப் பிளக் பாயின்டில்தான் இரவில் சார்ஜ் போட்டு வருகிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் என்று மாவட்டத்துக்குள் ஓடுவதற்கு அதுவே தாராளம்.

வரும் ஆடி மாதத்தில் அம்மாவைக் கண் சிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. தக்கலையிலிருந்து மதுரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நான் ஓட்டும் விதத்தில் இந்தக் கார் முழு சார்ஜில் சுமார் 175 கிலோமீட்டர் போகும். எனவே வழியில் பொது சார்ஜரை நம்பியே ஆக வேண்டும். அதில் எனக்குச் சிறிதும் பழக்கமில்லை. எந்த கன் (சார்ஜர் கேபிளின் முனையில் உள்ள பிளக்) என் காருக்குப் பொருந்தும், பணம் எப்படிக் கட்டுவது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், போய்ச் சேர்ந்த சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்வது ஆகியவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும். மழை பெய்யும்போது அந்தக் கனத்த வயரைக் கையில் பிடிப்பதை நினைத்து அம்மா மிகவும் பயப்படுகிறார். அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நெடுநேரம் காரிலேயே உட்கார வைக்கவும் முடியாது.

வடசேரிவாசி:

வணக்கம். உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் பொது சார்ஜை மதுரைப் பயணத்தன்று செய்யாதீர்கள். இந்த வாரத்திலேயே ஒரு பகல் வேளையில், பேட்டரியில் பாதி இருக்கும்போது, அம்மா உடன் இல்லாமல், நம் மாவட்டத்துக்குள் உள்ள ஒரு டிசி சார்ஜருக்குப் (வேகமாக ஏற்றும் வகை) போய்ப் பதினைந்து நிமிடம் மட்டும் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். சார்ஜர் நிறுவனத்தின் செயலியில் கணக்குத் தொடங்குவது, ஓடிபி வராமல் தாமதமாவது, கார் சார்ஜரோடு இணைய மறுப்பது போன்றவை எல்லாம் முதல் தடவையில்தான் வந்து நிற்கும். அப்போது வீடு பக்கத்தில் இருந்தால் மனம் பதறாது. நெடுஞ்சாலையில், பேட்டரி பத்து சதவீதத்தில் இருக்க, வயதானவரைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் கற்க வேண்டிய நிலை யாருக்கும் வரக் கூடாது.

இனி கன் பற்றி. உங்கள் காருக்கு டிசி எனப்படும் வேகமான சார்ஜிங்கில் சிசிஎஸ்2 வகை கன், ஏசி எனப்படும் மெதுவான சார்ஜிங்கில் டைப் 2 வகை. இப்போது விற்பனையாகும் பெரும்பாலான கார்களுக்கும் இவையேதான். காரின் முன்புறத்தில் உள்ள சார்ஜிங் மூடியைத் திறந்தால் மேலே வட்ட வடிவில் சிறு துளைகளும், அவற்றுக்குக் கீழே தனியாக ஒரு சிறு மூடியும் இருக்கும். அந்தக் கீழ் மூடியையும் திறந்தால்தான் டிசி கன் உள்ளே போகும். சார்ஜிங் வாய் முன்பக்கம் இருப்பதால், காரின் மூக்கு சார்ஜரை நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். பல இடங்களில் கேபிள் நீளம் குறைவு. செயலியில் தெரியும் எல்லாப் புள்ளிகளும் நமக்கானவை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். சில ஸ்கூட்டர்களுக்கானவை. சில இடங்களில் பாரத் டிசி-001 என்ற பழைய 15 கிலோவாட் வகை நிற்கும். அதன் கன் உங்கள் காரில் நுழையாது. எனவே தேடும்போதே சிசிஎஸ்2 என்று வடிகட்டிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி. டாடா பவர், சியான், ஜியோ-பிபி, ஸ்டாட்டிக், பெட்ரோல் பங்குகளில் உள்ளவை என்று பல உண்டு. பெரும்பாலானவற்றில் முதலில் வாலட்டில் (செயலிக்குள் உள்ள முன்பணக் கணக்கு) பணம் போட்டுவிட்டு, சார்ஜரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்ய வேண்டும். நீங்கள் போகும் பாதையில் எந்த இரண்டு நிறுவனங்களின் சார்ஜர்கள் அதிகம் உள்ளன என்று பார்த்து, அவற்றை மட்டும் வீட்டிலிருந்தே தயார் செய்துகொள்ளுங்கள். எல்லா வாலட்டிலும் பெரும் தொகை போட்டு வைக்க வேண்டாம். மீதியைத் திரும்பப் பெறுவது எல்லா இடத்திலும் எளிதல்ல.

நேரக் கணக்கில்தான் புதியவர்கள் ஏமாந்து போகிறார்கள். சார்ஜரில் 60 கிலோவாட் என்று எழுதியிருப்பது அது தரக்கூடிய உச்ச அளவு. எவ்வளவு வாங்குவது என்பதைக் காரே முடிவு செய்யும். உங்கள் கார் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகும் என்கிறது நிறுவனம். 24 கிலோவாட் மணி பேட்டரியில் அந்த 70 சதவீதம் என்பது 16.8 கிலோவாட் மணி, அதாவது 16.8 யூனிட். ஆகவே திரையில் 18, 20 கிலோவாட் என்று காட்டினால் சார்ஜரில் குறை இருப்பதாக எண்ண வேண்டாம். உங்கள் காரின் இயல்பு அது. இரண்டு கன் உள்ள சார்ஜரில் இரு கார்கள் நின்றால் மின்சாரம் பிரிந்து போகும் என்றாலும், உங்கள் காருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. எண்பதைத் தாண்டியதும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும். அதற்குமேல் நிற்பது உங்களுக்கும் நேர விரயம், பின்னால் காத்திருப்பவருக்கும் சங்கடம்.

செலவு இடத்துக்கு இடம் மாறும். யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 16.8 யூனிட்டுக்கு 336 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து ஏறத்தாழ 396 ரூபாய். செயலியில் காட்டும் விலை வரி சேர்த்ததா சேர்க்காததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயணத் திட்டத்துக்கு வருகிறேன். தக்கலையில் நூறு சதவீதத்தோடு கிளம்பினால் திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 95 கிலோமீட்டர்; 45 சதவீதத்தை ஒட்டிய மீதியோடு போய்ச் சேருவீர்கள். அங்கே காலைச் சாப்பாட்டு நேரத்தில் 80 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஆகும். அடுத்து கோவில்பட்டிப் பக்கம் மீண்டும் 80 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கிருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர் என்பதால் இருபது சதவீதத்துக்கு மேல் மீதியோடு ஊருக்குள் நுழையலாம். கோவில்பட்டியில் மட்டும் ஒரே தடவையாக நிறுத்தினாலும் கணக்கு இடிக்காதுதான். ஆனால் அங்கே போய்ச் சேரும்போது பேட்டரியில் பதினைந்து சதவீதம்கூட இருக்காது. அந்த ஒரு சார்ஜர் பழுதாகிக் கிடந்தால் வேறு வழி தேட இடம் இருக்காது. பாதி பேட்டரி கையில் இருக்கும்போதே சார்ஜரைத் தேடுவதுதான் பழுதான சார்ஜருக்கு உள்ள ஒரே மருந்து. கிளம்பும் முன் செயலியில் அந்த இடத்தில் யாராவது அண்மையில் சார்ஜ் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கு தொலைபேசி எண் இருந்தால் ஒருமுறை அழைத்தும் கேளுங்கள். செயலியில் பச்சையாகத் தெரிவதை மட்டும் நம்பிப் போவது எனக்கு உடன்பாடில்லை.

அம்மாவுக்காக இன்னொன்று. உணவகத்தை ஒட்டியுள்ள சார்ஜரையே தேர்ந்தெடுங்கள். நிழல், நாற்காலி, சுத்தமான கழிப்பறை ஆகிய மூன்றும் அவருக்குச் சார்ஜரின் வேகத்தைவிட முக்கியம்.

ஓய்வுபெற்ற மின் பொறியாளர்:

தம்பி, மழை பற்றி உங்கள் தாயார் கேட்டது நியாயமான கேள்வி. அவருக்கு நீங்களே படித்துக் காட்டும்படி எழுதுகிறேன்.

கன் கையில் இருக்கும்போது அதன் தடித்த முனைகளில் மின்சாரம் இருக்காது. அதைக் காரில் செருகிய பிறகு, மிகக் குறைந்த வோல்ட்டில் காரும் சார்ஜரும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். கார் கன்னைப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் வயரில் மின்கசிவு உண்டா என்று சார்ஜர் சோதிக்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் கான்டாக்டர்கள் என்ற பெரிய சுவிட்சுகள் இணைந்து, 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட டிசி மின்சாரம் பாயும். அந்தக் கணத்தில் காருக்குள்ளிருந்து ஒரு சிறு சத்தம் கேட்கும். சார்ஜரின் மின்விசிறிகளும் வேகமெடுக்கும். செருகியதற்கும் சார்ஜ் ஏறத் தொடங்குவதற்கும் இடையில் அரை நிமிடம் போலத் தாமதம் ஆவதற்கு இந்தச் சோதனைகளே காரணம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து கன்னை இழுக்கக் கூடாது. இடையில் கசிவு ஏற்பட்டாலும் சார்ஜர் தானே துண்டித்துவிடும்.

ஆகவே சாதாரண மழையில் சார்ஜ் செய்யலாம். ஆனாலும் சில பழக்கங்கள் வேண்டும். கன்னின் முகம் எப்போதும் கீழ்நோக்கியே இருக்கட்டும். முனைகளுக்குள் நீர் தேங்கியிருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். கேபிளின் ரப்பர் கிழிந்தோ, கன்னின் பிளாஸ்டிக் உருகிக் கறுத்தோ இருந்தால், திரை என்ன சொன்னாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சார்ஜரின் காலடியில் நீர் தேங்கி நின்றாலும், பக்கத்தில் இடி மின்னல் இருந்தாலும் காத்திருப்பதே நல்லது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் நம் மாவட்டத்தில், கூரையுள்ள சார்ஜரைத் தேடிப் போவது தேவையற்ற ஆடம்பரம் அல்ல. சார்ஜரின் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய பொத்தான் இருக்கும். அது அவசரத்துக்கு மட்டுமே. சார்ஜ் முடிந்ததும் நிறுத்துவதற்குச் சிலர் அதை அழுத்திவிட்டுப் போகிறார்கள், அதை யாராவது விடுவிக்கும்வரை அடுத்தவருக்குச் சார்ஜர் இயங்காது. நிறுத்துவதைச் செயலி வழியாகவே செய்யுங்கள்.

சார்ஜ் ஏறும்போது மின்தடை வந்தால் காருக்குக் கெடுதி இல்லை. ஏறிய யூனிட்டுக்குத்தான் பணம் கழிய வேண்டும். அவ்வாறு இல்லையென்றால் திரையையும் செயலியில் வரும் கணக்கையும் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

தோவாளைக்காரன்:

வடசேரிவாசி அண்ணாச்சியின் கணக்கில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆடி மாதம் என்கிறீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து வீசும் காற்று உச்சத்தில் இருக்கும் காலம் அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். போகும்போது காற்று முதுகில் தள்ளும், பேட்டரி எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக மிஞ்சும். அதைப் பார்த்துத் திரும்பும் பயணத்துக்கும் அதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் வரும்போது எதிர்க்காற்று முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், கார் தள்ளிச் செல்ல வேண்டிய காற்றுத்தடை ஏறத்தாழ இருமடங்காகும். எனவே திரும்பும்போது திருநெல்வேலியில் எண்பதுக்குச் சற்று மேலேயே ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். காவல்கிணற்றைத் தாண்டியதும் வேகத்தை எழுபதுக்குக் குறைத்துவிட்டால் வீடு வந்து சேர்வதில் சிரமம் இராது.

குழித்துறை டீச்சர்:

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்களும் இதைப் படிக்கக் கூடும் என்பதால் சுருக்கமாக ஒரு தகவல். கேரள மின்வாரியம் மின்கம்பங்களில் பொருத்தியிருக்கும் சிறு சார்ஜர்கள் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கானவை. வரைபடத்தில் பார்த்துவிட்டுக் காரோடு அங்கே போய் நிற்க வேண்டாம். கார்களுக்கான நிலையங்கள் தனியாக உள்ளன. அங்கே காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணிவரை, சூரிய மின்சாரம் மிகுந்த நேரத்தில், கட்டணம் குறைவு.

தக்கலைப் பயணி:

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பொறியாளர் ஐயா எழுதியதை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அரை நிமிடச் சோதனை பற்றிய பகுதியை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அண்ணாச்சி சொன்னபடியே நாகர்கோவிலில் ஒரு சார்ஜருக்குப் போய்ப் பார்த்தேன். இணைந்ததும் 19 கிலோவாட் காட்டியது. முன்பே படித்திருந்ததால் கவலைப்படவில்லை. ஆனால் செயலியில் நிறுத்திய பிறகும் கன் வெளியே வரவில்லை. அங்கிருந்த ஊழியர் சாவியை வாங்கி ஏதோ செய்ததும் வந்துவிட்டது. இரவில், யாருமில்லாத இடத்தில் இப்படி ஆனால் என்ன செய்வது?

வடசேரிவாசி:

பெரும்பாலான கார்களில் கதவுப் பூட்டும் கன்னின் பூட்டும் இணைந்தே இயங்கும். செயலியில் நிறுத்தி, திரையில் முடிந்ததாகக் காட்டிய பின், சாவியில் உள்ள திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். உடனே ஒரு கையால் கன்னை உள்நோக்கிச் சிறிது தள்ளி, கேபிளின் பாரத்தை மறு கையில் தாங்கிக்கொண்டு நேராக இழுங்கள். கேபிள் தொங்கிக்கொண்டு கன்னைக் கீழ்நோக்கி இழுப்பதால்தான் பல நேரங்களில் பூட்டு விடுபடுவதில்லை. அப்படியும் வரவில்லை என்றால் காரைப் பூட்டி, மறுபடியும் திறந்து பாருங்கள். இதற்கும் மேலாக, கையால் பூட்டை விடுவிக்கும் வசதி பல கார்களில் உண்டு. உங்கள் காரில் அது எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டில் பார்த்தோ சர்வீஸ் சென்டரில் கேட்டோ, மதுரைக்குக் கிளம்புவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை தொட்டுப் பார்த்து வையுங்கள்.