மோசேயின் மறுப்பு: வெறும் சம்பிரதாயமா?

குமரன்:
பைபிளில் கடவுள் தம் பணிக்கு ஆளை அழைக்கும் கதைகளைப் பாருங்கள்: மோசே, கிதியோன், எரேமியா மூன்று பேரின் அழைப்புக் கதையும் ஒரே அச்சு. கடவுள் பணி கொடுக்கிறார், ஆள் தயங்குகிறான், "நான் உன்னோடு இருப்பேன்" என்கிறார், அடையாளம் தருகிறார். 1965இலேயே பைபிள் அறிஞர் நார்மன் ஹேபல் இதை ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டிவிட்டார். ஆகவே "நான் சிறுபிள்ளை" என்று எரேமியா சொல்வதில் அவர் மனதைத் தேடுவது வீண். இந்தத் தீர்க்கதரிசி தானாகக் கிளம்பிவந்தவன் இல்லை என்று ஊரை நம்பவைக்கும் சம்பிரதாயம் அது.

லிடியா:
சம்பிரதாயத்துக்கு ஒரு மறுப்பு போதுமே? யாத்திராகமம் 3, 4 அதிகாரங்களில் மோசே ஐந்து தடவை மறுக்கிறார். நான் எம்மாத்திரம், உம்முடைய பெயர் என்ன என்று மக்கள் கேட்டால் என்ன சொல்வேன், நம்பமாட்டார்கள், எனக்குப் பேச வராது. கடைசியில் காரணமே சொல்லாமல் வேறு யாரையாவது அனுப்பும் என்கிறார். கடவுளுக்குக் கோபம் வருவது அங்கேதான். பணிவு போலத் தொடங்கியது படிப்படியாக அடம் ஆகிறது. அச்சில் வார்த்தால் இப்படி வராது.

குமரன்:
தனித்தனியாக வழங்கிவந்த பல மரபுக் கதைகளைப் பின்னால் ஒருவர் ஒட்டியதால் நீண்டிருக்கலாம். பேச வராது என்றதும் மோசேயின் அண்ணன், ஆசாரியர்களின் முன்னோர் ஆரோன் உள்ளே வருகிறார், பாருங்கள். ஆசாரியர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டிருக்கிறது.

லிடியா:
ஒட்டியவரும் படித்துப் பார்த்துத்தானே ஒட்டியிருப்பார்!

பழைய வாசகர்:
ஏசாயா 6 இந்த அச்சுக்குள் அடங்காது. உசியா ராஜா இறந்த வருடம், கடவுள் சிங்காசனத்தில் இருக்கும் காட்சி. "யாரை அனுப்புவேன்" என்றதும் அவரே "என்னை அனுப்பும்" என்கிறார். அசுத்த உதடுகள் பற்றிய புலம்பல் பணி கொடுப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதை மறுப்புக் கணக்கில் சேர்க்க முடியாது. இது 1 இராஜாக்கள் 22இல் மிகாயா தீர்க்கதரிசி கண்ட சிங்காசனக் காட்சிக்குத்தான் நெருக்கம். எசேக்கியேலோ வாதாடுவதே இல்லை. சுருளைத் தின்னச் சொன்னால் தின்கிறார்.

குமரன்:
சரி, இரண்டு அச்சு. அச்சு அச்சுதானே?

லிடியா:
அப்படியானால் யோனா? நினிவே நகரத்தை எச்சரிக்கும் பணி கிடைத்ததும் வாயே திறக்காமல் யோப்பாவில் கப்பல் ஏறி ஓடுகிறான். ஏன் ஓடினேன் என்று 4ஆம் அதிகாரத்தில்தான் சொல்கிறான்: நீர் அவர்களை மன்னித்துவிடுவீர் என்று எனக்கு அப்போதே தெரியும்! மோசே போன்றவர்கள் தன்னால் முடியாது என்று தயங்கினார்கள். இவனுக்கோ வேலை பலித்துவிடுமே என்றுதான் எரிச்சல்.

குமரன்:
வழக்கமான அழைப்புக் கதை தெரிந்தவனுக்குத்தானே அந்தக் கிண்டல் புரியும்? நான் சொன்னதும் அதுதான்.

லிடியா:
இல்லை, மறுப்புக்குள் மனதைத் தேடுவது வீண் என்றீர்கள். யோனாவை எழுதியவர் அந்த மனதை வைத்தே ஒரு முழு அதிகாரம் எழுதியிருக்கிறார்.