மறு: குளிர்கால ஏரித் தூண்டிலுக்குச் சொற்கள் – ‘நெகிழிரை’, ‘கிடப்பு’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

சாஃப்ட் பிளாஸ்டிக் லூருக்கு, அதாவது மீனை ஏமாற்ற முள்ளில் கோர்க்கும் மென்மையான பிளாஸ்டிக் இரைக்கு, தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழை தொடங்கி ஒரு வாரமாகிறது. இதுவரை வந்தவை: மென்னெகிழிப் போலி இரை, ரப்பர் புழு, செயற்கை மெல்லிரை, மாயப்புழு. நான் சொல்லாய்வு படித்தவன் அல்ல. டொரண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் தூண்டில் போடுகிறவன். நவம்பர் மாதக் காற்றில் விரல் விறைக்க விறைக்க இந்தச் சாமானை முள்ளில் கோர்த்திருக்கிறேன், அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன்.

மென்னெகிழிப் போலி இரையில் பொருள் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஆடுகிற படகில் நின்றுகொண்டு, “மச்சான், அந்த மென்னெகிழிப் போலி இரைப் பெட்டியை எடு” என்று யார் சொல்லப் போகிறார்கள்? சொல்லி முடிப்பதற்குள் மீன் அக்கரைக்குப் போயிருக்கும்.

ரப்பர் புழு பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. அதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அது ரப்பரும் இல்லை, இப்போது பெரும்பாலும் புழுவும் இல்லை. 1949-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டுச் சமையலறையில் உருக்கி வார்த்தது வினைல் புழு. டயர் கம்பெனிகளால் ‘ரப்பர் தலைநகரம்’ என்று பெயரெடுத்த ஊரில் ரப்பர் அல்லாத புழு பிறந்தது ஒரு வேடிக்கை. இன்றைக்குக் கடைகளில் தொங்கும் பைகளில் சிறுமீன், உளுவை, கிரேஃபிஷ், எந்த உயிரையும் போல இல்லாத வால்முளைத்த குச்சி என்று எல்லாம் கிடைக்கின்றன. சிம்கோவில் உளுவை வெளியிலிருந்து வந்து பெருகிய மீன். சின்னவாய் பாஸ் அதை விரும்பித் தின்னப் பழகிவிட்டதால், உளுவை வடிவம் அங்கே நன்றாகவே எடுபடும்.

என் முன்மொழிவு: நெகிழிரை.

நெகிழி என்றால் பிளாஸ்டிக் என்று பாடநூல் வரை ஏறிவிட்டது. நெகிழ் என்றால் இளகு, குழை. ஆக மென்மையும் பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. நெகிழி + இரை என்று எடுத்தால் நெகிழியிரை என்றுதானே வரும் என்று இந்த இழையில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். சரிதான். நான் எடுப்பது நெகிழ் + இரை, வினைத்தொகை. அவருடைய இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: குளிரில் இறுகிப்போகும் பொருளுக்கு நெகிழ் என்று பெயரிடலாமா?

உண்மையில் இறுகத்தான் செய்கிறது. அந்த வினைல், அதாவது பிவிசி, தானாக விறைப்பான பொருள். அதில் கலக்கும் இளக்கி எண்ணெய்தான் அதைக் குழைவாக வைத்திருக்கிறது. குளிர் ஏற ஏற அந்தக் குழைவு குறையும். ஜூலையில் தண்ணீரில் துடித்த வால் நவம்பரில் முருங்கைக்காய் மாதிரி நிற்கும். அதனால்தான் குளிர்காலத்துக்கு இன்னும் இளக்கமாக வார்த்ததைத் தேடி வாங்குகிறோம், பையை மேலங்கியின் உள்பாக்கெட்டில் வைத்துச் சூடாக்குகிறோம். அதாவது, இந்தத் தொழிலின் கவலையே நெகிழ்வுதான்! வினைத்தொகைக்கு மூன்று காலமும் பொருந்துமே, ஐயா: கோடையில் நெகிழ்ந்தது, கைச்சூட்டில் நெகிழ்கிறது, தேர்ந்து வாங்கினால் நாளையும் நெகிழும்.

வேதிப்பொருளை வைத்துப் பெயரிட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இப்போது பிவிசி அல்லாத எலாஸ்டோமர் வகையும் வருகிறது. நன்றாக இழுபடும், வார்ப்பில் உப்பு அதிகம் சேர்க்காவிட்டால் மிதக்கும். தட்டையடியுள்ள காளான்தலையில் (காளான் வடிவ எடைத்தலை வைத்த முள்) கோர்த்தால், அடித்தரையில் வால் மேலே பார்க்க நிற்கும். குளிரில் அசையாமல் போட்டு வைக்க இதைவிட நல்லது இல்லை. இரண்டு வகையையும் ஒரே பெட்டியில் போட்டு ஒரு கோடை முழுக்கக் காரில் விட்டுவிட்டேன். திறந்தபோது பச்சையும் பழுப்புமாக ஒரு களி. ஒன்றையொன்று உருக்கிவிடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வேதியியல் வேறு, ஆனால் கைக்கு இரண்டும் நெகிழிரைதான்.

இனப்பெயராக, அதாவது எல்லா லூருக்கும் பொதுவாக, பொய்யிரை போதும். உலோகத் தகடு பளபளத்து மீனை ஏமாற்றும் ஸ்பூன் வகைக்கு மட்டும் ஓர் ஆசை: குறளில் ‘தூண்டிற்பொன்’ இருக்கிறது. அங்கே அது இரைக்குள் மறைந்த முள்ளைத்தான் குறிக்கிறது, தெரியும். இருந்தாலும் இரையென்று நினைத்து மீன் இரும்பை விழுங்குகிறது என்ற அந்தக் காட்சிக்கு ஸ்பூன் எவ்வளவு பொருத்தம்! இதை நான் வலியுறுத்த மாட்டேன்.

இப்போது டெட்ஸ்டிக்கிங், அதாவது இரையை அசைக்காமல் அடியில் போட்டுவைத்துக் காத்திருப்பது. ‘செத்த குச்சி முறை’ என்று ஒருவர் எழுதியிருந்தார், கேலிக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். என் சொல் கிடப்பு. எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன்.

ஏரி இலையுதிர் காலத்தில் ஒருமுறை புரளும். மேல்நீர் குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்க, முழு ஏரியும் கலங்கும். ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில் தண்ணீர் மிகக் கனம். அதற்குக் கீழே குளிர்ந்த நீர் லேசாகி மேலேயே தங்கிப் பனிக்கட்டியாகும். அதனால் அடிநீர் உறையாமல் 4 பாகையை ஒட்டியே இருக்கும். பாஸ் மீன்கள் ஆழமான பாறைச் சரிவுகளில் கூட்டமாக ஒதுங்கிவிடும். குளிர் ரத்தம், செரிமானம் மெதுவு, துரத்திப் பிடிக்கத் தெம்பும் இல்லை, தேவையும் இல்லை. வாய்க்கு முன்னால் வந்து நின்றால் மட்டும், சற்று யோசித்து, எடுக்கும்.

இதெல்லாம் தெரியாத முதல் வருடம், கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவில் கோடையில் சுண்டுவதைப் போலச் சுண்டிச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தோம். மூன்று மணி நேரம், ஒன்றும் இல்லை. அலுத்துப்போன மச்சான் தூண்டிலைப் படகின் விளிம்பில் சாத்திவிட்டு, ஃபிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றினார். ஊற்றி முடிக்கும் முன்பே தங்கூசி மெல்லப் பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. (தூண்டில் நூலைத் தமிழ்நாட்டு நண்பர்கள் நரம்பு என்பார்கள், நாங்கள் தங்கூசி என்போம்.) அன்று பிடித்த மூன்று மீனும் தேத்தண்ணீர் நேரத்தில் மாட்டியவைதான்.

அரசு அலுவலகத்தில் கோப்பைக் கிடப்பில் போடுவது நமக்குத் தெரிந்த கலை. இரையைக் கிடப்பில் போடு என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். கோப்பு நகராது, மீன் வரும்.

மற்றவை சுருக்கமாக. தூண்டிலைச் சுண்டிச் சுண்டி இரையை மேலும் கீழும் ஆட்டும் ஜிக்கிங்குக்குச் சுண்டல் என்றால் கடற்கரைப் பொட்டலம் நினைவுக்கு வரும் என்று சிரித்திருந்தார்கள். சுண்டு, சுண்டியிழு என்று வினையாக வைத்துக்கொண்டால் சிக்கல் இல்லை. எடை அடியில் தொங்க, முள் அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கும் டிராப் ஷாட்டுக்கு அடியீயம். இப்போது பலர் டங்ஸ்டன் கட்டுகிறார்களே, கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத்துக்குத் தடையே இருக்கிறதே, லூன் பறவைகள் விழுங்கிச் சாகின்றனவே என்றால், எல்லாம் உண்மை. ஆனாலும் எடை எதனால் ஆனாலும் வாயில் வருவது ஈயம்தான். இங்கே நான் வழக்கின் பக்கம். நெகிழிரையில் எதனால் ஆனது என்பதைக் கழித்துவிட்டு இங்கே சேர்த்துக்கொள்கிறாயே என்று கேட்டால், பதில் இல்லை.

ஒன்று மட்டும் கைக்கு அகப்படவில்லை. கோடையில் மீன் கொத்தும், தூண்டில் அதிரும், அதற்குச் சொல் இருக்கிறது. குளிரில் கொத்தே கிடையாது. தூக்கிப் பார்த்தால் பாசி சிக்கியதுபோல ஒரு பாரம், அவ்வளவுதான். பாசி என்று நினைத்து நான் விட்டவை பல. ராமேஸ்வரம், மன்னார் பக்கம் கைத்தூண்டில் போடுகிறவர்கள் இந்த மெல்லிய கனத்துக்கு ஏதாவது சொல் வைத்திருந்தால் எழுதுங்கள். புதிதாக ஆக்குவதைவிட அதை எடுத்துக்கொள்வேன்.