‘டபுள் போன்’ என்று விற்கும் நாய்கள்: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

கோயம்புத்தூர் உறுப்பினர்:

ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் என்று எதைக் கேட்டாலும் இப்போது “டபுள் போன்”, “ஹெவி போன்”, “ஜெயன்ட் சைஸ்” என்று, அதாவது எலும்பு கனத்த, பெரிய உடம்பு நாய் என்றுதான் குட்டி விற்கிறார்கள். அந்தக் குட்டிகள் வளர்ந்த பிறகு எப்படி இருக்கின்றன என்று யாரும் பேசுவதில்லை. பார்த்தவர்கள் எழுதுங்கள். நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் ராட்வைலர் கடுவனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுப் பெட்டையோடு சேர்க்கலாமா என்று கேட்கத்தான் வந்தார். “அறுபத்தெட்டு கிலோண்ணா. இந்தப் பக்கம் இவனுக்கு ஈடா ஒண்ணு கிடையாது” என்றார். அருமையான சுபாவம் அந்த நாய்க்கு. இறங்கியதும் என் கையை முகர்ந்து பார்த்துவிட்டுக் காலடியிலேயே படுத்தது. படுத்த விதம்தான் எனக்கு உறுத்தியது. பின்னங்கால்களை மடக்கி உட்காரவில்லை. இடுப்பை ஒரு பக்கம் சரித்துத் தொப்பென்று விழுந்தது. எழும்போது முன்னங்கால்களை ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு எழுந்தது. வயது மூன்றுகூட ஆகவில்லை.

அளந்து பார்க்கலாமா என்றேன். சிமென்ட் தரையில் நிற்கவைத்து, கழுத்தைத் தூக்கிப் பிடிக்காமல் இயல்பாக விட்டு, தோள்பட்டை எலும்பின் உச்சியில் ஒரு மட்டப்பலகையைப் படியவைத்து, அங்கிருந்து தரைக்கு டேப் பிடித்தோம். 72 செ.மீ. எஃப்சிஐ என்ற சர்வதேச நாய் இன அமைப்பின் தரக்குறிப்பில், அதாவது இனத்துக்கான அளவுக் குறிப்பில், ராட்வைலர் கடுவனுக்கு 61 முதல் 68 வரைதான். அதற்குள்ளேயே 61–62 சிறியது, 63–64 நடுத்தரம், 65–66 பெரியது, 67–68 மிகப் பெரியது என்று பிரித்து, 65–66தான் சரியான உயரம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எடை 50 கிலோ அளவில். ஜெர்மனியில் ராட்வைல் ஊர்க் கசாப்புக்காரர்களுக்காக மாடு ஓட்டி, வண்டி இழுத்த நாய் இது. மாடு உதைத்தால் சட்டென்று விலக வேண்டும், மறுபடி பாய்ந்து மடக்க வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய கனத்தைத்தான் எண்ணாகக் குறித்தார்கள்.

சேர்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “பேப்பர் இருக்கேண்ணா” என்று வம்சாவளிச் சான்றிதழைச் சொன்னார். இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்று எடுப்பார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. குட்டியை விற்றவர் சொல்லவும் இல்லை. என் கோபமெல்லாம் அந்த விற்றவர் மேல்தான்.

மதுரை, கால்நடை மருத்துவர்:

உயரம் இருக்கட்டும், என் மேசைக்கு வருவது அதற்கு முந்தைய கட்டம். மூன்று, நான்கு மாதக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருக்கும், மணிக்கட்டு வீங்கியிருக்கும். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால் பட்டியல் வரும்: பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம், அதற்கு மேல் பால், முட்டை, அதற்கும் மேல் கால்சியம் சிரப். “எலும்பு நல்லா விரியணும்னு விற்றவர் எழுதிக் கொடுத்தார் டாக்டர்” என்பார்கள்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பெரிய இனக் குட்டிகளின் குடலுக்கு முதல் ஆறு மாதத்தில் வேண்டாத கால்சியத்தைத் தடுத்து நிறுத்தும் திறன் குறைவு. கொடுப்பதில் பெரும்பகுதி உடம்பில் ஏறி, குருத்தெலும்பு எலும்பாக மாறும் ஒழுங்கையே கெடுக்கிறது. சமச்சீர் தீவனம் தின்னும் குட்டிக்கு அந்த சிரப் தேவையே இல்லை. குட்டியைக் கொழுகொழுவென்று வைப்பதும் வேண்டாம். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. ஒரே ஈத்துக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது.

கின்னஸில் உலகின் உயரமான நாய் என்று பெயர் வாங்கிய அமெரிக்க கிரேட் டேன் ஜீயஸ் 111.8 செ.மீ. உயரம். 2014-ல் இறந்தபோது ஆறு வயது நிறையவில்லை.

தாம்பரம் உறுப்பினர்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். என் ஷெப்பர்டு 69 செ.மீ., 43 கிலோ. தரக்குறிப்பில் கடுவனுக்கு 60–65, 30–40 கிலோ என்று எனக்கும் தெரியும். வெளிநாடு போன நண்பன் விட்டுப்போன நாய் அது. ஒன்பது வயதாகிறது, இன்றைக்கும் மொட்டைமாடிக்கு எனக்கு முன்னால் ஏறி நிற்கிறது. நடைப்பயிற்சியில் ஒருவர் நிறுத்தி, “இது ஷெப்பர்டே இல்ல, ஓவர்சைஸ்” என்று என் மகள் எதிரிலேயே சொன்னார். பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அளவு போட்டதும் மனிதர்கள்தானே? அமெரிக்காவில் 1994-ல் லாப்ரடாருக்கு உயர வரம்பைக் கறாராக்கி, அரை அங்குலத்துக்கு மேல் பிசகினால் கண்காட்சியிலிருந்து தகுதி நீக்கம் என்றார்கள். குட்டையான லாப்ரடார் வளர்த்தவர்கள் வழக்கே போட்டார்கள். தோற்றுத்தான் போனார்கள். ஆனாலும் முதல்நாள் வரை கண்காட்சி வளையத்தில் நின்ற நாய் மறுநாள் தகுதியில்லாததாகிவிட்டதே, அதில் நாயின் பிழை என்ன?

விருதுநகர் மாவட்ட உறுப்பினர்:

தாம்பரம் சார் வருத்தம் நியாயமானது. ஆனால் எங்கள் பக்கம் நடப்பதைக் கேளுங்கள்.

ராஜபாளையம் நாய் பார்க்க ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். “இந்த உசரத்துக்கு நீங்க எங்கேயும் பார்க்க முடியாது” என்று சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். உயரம் உண்மைதான், எண்பது செ.மீ.யைத் தொட்டது. வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, எல்லாம் சரி. ஆனால் முகம் சதுரமாக இருந்தது. மேலுதடு தொங்கி எச்சில் ஒழுகியது. கழுத்துத் தோல் கைப்பிடி அளவு தொங்கியது. எங்கள் நாய்க்கு உதடு ஒட்டி இருக்கும், வயிறு உள்வாங்கி இருக்கும், ஓடும்போது முதுகு வில்லாக வளையும். பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் ஓடிய உடம்பு அது. உயரத்துக்காக கிரேட் டேன் ரத்தம் கலக்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வது சும்மா இல்லை என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

2005-ல் அஞ்சல்துறை நாட்டு நாய்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் படத்தையும் தோட்டத்தில் நின்ற நாயையும் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைகூட வேறுபாடு சொல்லிவிடும். ஏற்கெனவே வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமை வருகிற இனம். உயரம் உயரம் என்று ஓடினால் காது கேட்கும் நல்ல குட்டியைத் தேர்ந்தெடுக்கும் கவனம் யாருக்கு இருக்கும்?

லண்டன், ஈஸ்ட் ஹாம் உறுப்பினர்:

இங்கே அளவு சட்டமாகவே வந்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய, கனத்த புல்லி வகை நாயை வளர்க்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 டிசம்பர் 31 முதல் அந்த வகையை விற்கவோ குட்டி எடுக்கவோ கூடாது. 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். கடுவன் என்றால் தோள் உயரம் 51 செ.மீ.யிலிருந்து, பெட்டை என்றால் 48-லிருந்து. அதோடு தலை, மார்பு அமைப்பும் பொருந்தினால் அந்தக் கணக்கில் வரும்.

அந்த வீட்டு அண்ணன் வரவேற்பறையில் நாயைச் சுவரோரம் நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டு அளந்தார். 53. மறுபடி அளந்தார். அண்ணி பக்கத்தில் ஒன்றும் பேசாமல் நின்றார். இப்போது கருத்தடை, மைக்ரோசிப், காப்பீடு, வெளியே போனால் வாய்மூடியும் பிடிகயிறும். பெரிதாக வரும் என்று சொல்லித்தான் கூடுதல் விலைக்கு அந்தக் குட்டியைத் தலையில் கட்டினார்கள். விற்றவருடைய போன் இப்போது அணைந்து கிடக்கிறது.

திருச்சி, புதிய உறுப்பினர்:

அண்ணா, ராட்வைலர் குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அப்பா நாய் 70 கிலோ என்று வீடியோ அனுப்பினார்கள். என்ன கேட்க வேண்டும்?

கோயம்புத்தூர் உறுப்பினர்:

அட்வான்ஸை நிறுத்தி வையுங்கள் தம்பி. எடையைக் கேட்காதீர்கள், அப்பா அம்மா இரண்டின் தோள் உயரத்தை டேப்போடு நேரில் அளக்க விடச் சொல்லுங்கள். இரண்டின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரேயைக் கேளுங்கள். தாயைக் கட்டிவைத்துக் காட்டினால் போதாது. நடக்கவிட்டு, படுக்கவிட்டு, எழவிட்டுப் பாருங்கள். காட்ட மறுத்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

தாம்பரம் சார், உங்கள் நாயை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த ஆள் பிள்ளை எதிரில் பேசியது தவறு. வரம்பு மீறி வளர்ந்த நாயையும் அன்பாக வளர்ப்போம், ஆனால் அந்த உயரத்தைக் காட்டி அதிலிருந்து ஈத்து எடுத்து விற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டாக்டர், திருச்சித் தம்பிக்கு எந்த வயதில் எக்ஸ்ரே எடுத்தால் சரியாகத் தெரியும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

மதுரை, கால்நடை மருத்துவர்:

வளரும் பருவம் முடிந்திருக்க வேண்டும். ராட்வைலருக்கு ஒன்றரை வயதுக்குப் பிறகு எடுத்த படம் என்றால் நம்பலாம். படத்தில் நாயின் மைக்ரோசிப் எண் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வேறு நாயின் எக்ஸ்ரேயைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.